வன்னியின் பழைய மோட்டார் சைக்கிளும் அது எழுதிய பரீட்சைகளும்

வீதியில் ஓடுவதற்கு ஒரு மோட்டார் வாகனம் தகுதியுடையதா என்று ஆண்டுதோறும் அரசாங்கமே சோதித்துப் பார்க்கும் வழக்கம் உலகத்தில் அவ்வளவு பழைமையானதன்று. இங்கிலாந்திலே பத்து வயதைக் கடந்த வண்டிகளைச் சோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாடு 1960ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் உலகத்துக்கே தலைமை வகித்த யப்பானிலோ, 250 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்கள் அத்தகைய காலாந்தரச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றிருக்கின்றன. இலங்கையில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் வாகனத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அது வேண்டியதில்லை. அதன் பிரேக்கையும் டயரையும் விளக்கையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் குனிந்து பார்க்கும் கடமை எந்த உத்தியோகத்தருக்கும் விதிக்கப்படவில்லை. இவ்வளவு சலுகை இருந்தும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பெருநிலத்து மாவட்டங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அதைப்போல் அடிக்கடி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கப்பட்ட வாகனம் வேறெந்தத் தேசத்திலாவது உண்டோ என்ற சந்தேகம் எழுகின்றது. ஒவ்வொரு காலத்து அதிகாரமும் அதனிடம் ஒவ்வொன்றைக் கேட்டது. யந்திரம் சுகமாக இருக்கிறதா என்று மாத்திரம் நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை.

ஆதியில் கேட்கப்பட்டது இலக்கமும் வரியுமே. மோட்டார் வண்டிகள் பரவலாக வருமுன்னரே, பிரித்தானியர் ஆட்சியில், மாட்டு வண்டிகளுக்கும் பின்னர் துவிச்சக்கர வண்டிகளுக்கும் வருடாந்த அனுமதி பெற்று, அதற்கு அடையாளமாகத் தகரத் தகடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும் முறை நாட்டில் வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோது, இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்க வந்த குடும்பங்களுக்கு மாட்டு வண்டியும் சைக்கிளுமே வாகனங்கள். மோட்டார் சைக்கிள் என்பது பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் முதலிய ஆங்கிலேய நாமங்களைத் தாங்கிய, பெரிய உத்தியோகத்தருக்கும் தனவந்தருக்கும் உரிய பொருளாக எட்டத்திலே நின்றது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இன்றுவரை இவ்விஷயத்தில் மூலாதாரமாக விளங்குவது. பதிவு, இலக்கத் தகடு, வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் அதன் வழி வந்தவையே.

அந்த இலக்கத் தகடும் சாதாரணமான தகரமாக இருந்துவிடவில்லை. முன்பு சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களை இரண்டிரண்டாகக் கோத்து வாகனங்களுக்கு இலக்கம் வழங்கி வந்த அரசாங்கம், 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தகட்டில் புகுத்தியபோது, தமிழரசுக் கட்சியினர் அதற்குத் தார் பூசித் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓட்டினர். அடுத்த ஆண்டில் தேசிய மயமாக்கப்பட்ட பஸ்கள் அந்தத் தகட்டோடு வடக்கே வந்தபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. தகட்டில் உள்ள ஓர் எழுத்துக்காக மனிதர் மறியலுக்குப் போன நாட்டில், வாகனத்தின் யந்திரத்தைப் பற்றிச் சிந்திக்க அரசாங்கத்துக்கு அவகாசம் இல்லாமற் போனது ஆச்சரியமன்று.

வன்னிச் சாதாரண ஜனங்களின் கைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது யப்பானியரின் புண்ணியத்தால். 1958இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் சிறு வண்டி, அதன் வழித்தோன்றல்களான சீ 50, சீ 70, சீ 90 என்பனவற்றோடு, உலகத்திலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்யப்பட்ட மோட்டார் வாகன வமிசமாயிற்று. ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், கையால் அழுத்த வேண்டாத கிளச். பெற்றோலை மணந்து பார்த்தே ஓடும் என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்லும் சிக்கனம் வேறு. இலங்கையில் 1977இன் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தபோது இவை வடக்கிலும் வந்து குவிந்தன. ஆயினும் வன்னியின் மனத்தைக் கவர்ந்தது சீ 90 அன்று. யப்பானிய அஞ்சற்காரர் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோவதற்கென்றே அந்நிறுவனம் செய்த எம்.டி. 90. பின்னால் அகன்ற இரும்புக் கரியர், சுமையைத் தாங்கும் முதுகு, சேற்றிலும் மணலிலும் சளைக்காத கீழ்க் கியர். கடிதக் கட்டுக்கு என்று செய்த கரியரில் நெல் மூடையும், உர மூடையும், சில சமயம் மூன்று பிள்ளைகளும் ஏறின. வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஓடுவதற்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை வன்னியிலே பிறந்த ஒருவர் வரைந்து கொடுத்திருந்தாலும் செய்திருக்க முடியாது. போர்க் காலத்தில் போராளிகளுக்கும் அதுவே வாகனமாக இருந்தமையால், எம்.டி. 90 என்ற பெயரைக் கேட்டதும் வன்னியில் வாழ்ந்தவருக்கு நினைவுகள் பல ஒருங்கே எழும்.

இனி வருவது, இவ்வரலாற்றில் நான் சற்று நின்று பார்க்க விரும்பும் இடம். 1990 யூனில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மீண்டும் மூண்டதும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வட பகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம், மெழுகுதிரி எனத் தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மாத்திரம், அதுவும் மட்டாக, வந்து சேர்ந்தது. ஆகவே, சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்கவும், ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரிக்கவும் கற்றுக்கொண்ட ஜனங்கள், மோட்டார் யந்திரத்தையும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் அவ்வாறே ஓடின. அக்காலத்து யந்திரங்கள் கலவையை மட்டாகவே அழுத்துவன. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. சின்ன ஹொண்டாவுக்கு அந்தப் பொறுமை குறைவு. அழுத்தம் கூடிய அதன் அறையில் மண்ணெண்ணெய் தருணம் பாராமல் வெடித்து, ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தமிடும். அச்சத்தம் கேட்டவுடன் வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்கத் தெரிந்தவனே அக்காலத்தில் நல்ல ஓட்டுநன்.

குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் அதனைக் கொண்டு வண்டியை உயிர்ப்பிக்க இயலாது. இதற்காக ஒவ்வொரு வண்டிக்காரரும் சிறிய போத்தல் ஒன்றிலே, மருந்துபோல் மதித்து, கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியாகவோ, காபரேட்டரின் வாயிலோ, அதில் சில துளியை விட்டு, பிளக்கை மாட்டி, உதைத்தால் வண்டி இருமிக்கொண்டு எழும்பும். அந்தச் சில துளி எரிந்து முடிவதற்குள் யந்திரம் சூடேறி மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும். இல்லையேல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதற்கு மனம் வராது. கடைக்குப் போனவர் வண்டியை வாசலில் ஓடவிட்டுக்கொண்டே சாமான் வாங்கினார் என்றால் அது டாம்பீகமன்று. மறுபடி எழுப்புவதற்குப் போத்தலில் துளி இல்லை என்பதே காரணம். வெண்புகை பின்னால் நெடுந்தூரம் தொடரும். இன்னார் வருகிறார் என்பதைக் கண்ணுக்கு முன் மூக்கே அறிந்துகொள்ளும்.

இதன் தண்டனை யந்திரத்தின் வயிற்றில் எழுதப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் றிங்கையும் பெயரிங்கையும் தேய்க்கும். பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி படர்ந்து இறுகும். ஆதலால் கராச்சுக்காரரின் வேலை ஓய்ந்ததில்லை. புதிய உதிரிப்பாகம் தடையினால் கைக்கு எட்டாமையால், அவர் ஒன்றின் வால்வை மற்றொன்றுக்குத் தேய்த்து இருத்தியும், காகித அட்டையில் கஸ்கற் வெட்டியும், கரி பிடித்த பிளக்கை நெருப்பில் காட்டி எமரித் தாளால் சுரண்டியும், இரண்டு பழுதான வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை உண்டாக்கினார். யந்திர சாஸ்திரக் கல்லூரிகளிலே போதிக்கப்படாத இந்த வித்தை, தடை உண்டாக்கிய ஒரே உற்பத்தி எனலாம்.

யந்திரத்தின் நிலை இதுவாக, அதனை நிறுத்திக் கேள்வி கேட்டவர்களின் நோக்கம் வேறாக இருந்தது. ஆனையிறவில் இராணுவம் இருந்த காலத்தில் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே கிளாலிக் கடல்நீரேரியே வழி. இரவிலே வள்ளங்களில் மனிதரோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறி வந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வில் வன்னிக்கு வந்தோர், வண்டியைத் தங்கள் வீட்டின் மீதியாகக் கருதியே கொண்டுவந்தனர். தெற்கே வவுனியா எல்லையில் இராணுவம் ஆசனத்தைக் கழற்றி, தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே என்ன ஒளித்திருக்கிறது என்று பார்த்தது. 2002 ஜனவரியில் தடை தளர்ந்து, பெப்ருவரியில் யுத்த நிறுத்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னும் ஓமந்தையில் சோதனை இருந்தது. அதைக் கடந்து வடக்கே வந்தால், வேகத்தை அளக்கும் கருவியோடு நின்ற புலிகளின் காவல்துறையினர் தண்டப்பணம் அறவிட்டனர். ஆசனத்துக்கு அடியில் என்ன, எவ்வளவு வேகம், யாருடைய வண்டி என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லத் தெரிந்திருந்தது எம்.டி. 90. யுத்த நிறுத்த ஆண்டுகளிலே பெற்றோல் தாராளமாக வந்தது. இந்தியாவின் ஹீரோ ஹொண்டா, பஜாஜ், டீ.வீ.எஸ். வண்டிகளும் வந்து பழைய வண்டிகளின் மதிப்பைக் குறைக்கத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டதும் பழையவற்றுக்கு மதிப்பு ஏறிற்று.

யுத்தம் முடிந்த 2009ஐப் பற்றி விரித்து எழுதுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு உட்பட்டதன்று. வருஷத் தொடக்கத்தில் கிளிநொச்சி வீழ்ந்தபின் கிழக்கு நோக்கி நகர்ந்த ஜனங்கள், புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் தங்கள் வாகனங்களை விட்டு, வட்டுவாகல் பாலத்தால் கால்நடையாக வெளியேறினார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அவர்கள் இருந்த மாதங்களில், எரிந்தும் துருவேறியும் வெளியில் கிடந்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் குவியல்களாகச் சேர்ந்தன. மீள்குடியேற்றத்தின் பின், அவற்றுள் உருப்படியானவற்றைத் தம்முடையதென்று நிரூபித்தவர்கள் மீட்டுக்கொள்ளக் கூடியதாயிற்று. நிரூபிப்பதற்கு வேண்டியது பதிவுப் புத்தகம். பதுங்கு குழியில் போயிற்றோ கடற்கரை மணலில் போயிற்றோ என்று அறியாத பத்திரங்களில் அதுவும் ஒன்று. சேஸி இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர் அக்காலத்தில் பாக்கியவான். யந்திரத்தில் குறை இல்லாத வண்டிகள் பல, கடதாசி இல்லாத ஒரே குற்றத்தினால், குவியலிலேயே மக்கிப் போயின.

இந்தக் கடதாசி நோய்க்கு மற்றொரு வடிவமும் உண்டு. வண்டியை விற்கிறவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டு, வாங்குகிறவரின் பெயரை எழுதாமலே கொடுத்துவிடுவது. வாங்கியவர் அதனை அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பது. நாடு முழுவதும் ஓப்பன் பேப்பர் என்று வழங்கும் இப்பழக்கம், ஆட்கள் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் போன வன்னியில் சிக்கலாக முதிர்ந்தது. புத்தகத்திலே பெயர் உள்ள உரிமையாளர் இப்போது ரொறொன்ரோவில் பனி வழித்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஒட்டுசுட்டானில் மரக்கறி ஏற்றிக்கொண்டிருக்கிறது. மலிவாக வாங்கியதன் முழு விலை பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாசலில் தெரியவரும்.

யந்திரத்தை நோக்கிய முதற் கேள்வி கடைசியாகத்தான் வந்தது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பிறந்த பிரமாணங்களின்படி வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. கிளீன்கோ, லாவ்ஸ் எகோ ஸ்ரீ என்ற இரு நிறுவனங்கள் இப்பரிசோதனைக்கு அமர்த்தப்பட்டன. புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. அது இல்லாமல் வீதியில் இறங்கினால் பொலிசார் நிறுத்துவர். மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்த வண்டியின் சைலன்சருக்குள் ஒரு நாள் உலோகக் குழாய் நுழைந்து, அதன் சுவாசத்தில் கார்பன் மொனொக்சைட் எத்தனை விகிதம், எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று கணனித் திரையில் இலக்கமாகக் காட்டியபோது, வன்னியின் பழைய வண்டிக்கு வைக்கப்பட்ட பரீட்சைகளுள் முதன்முதலாக நியாயமான பரீட்சை ஒன்று வந்தது என்பேன்.

ஆதலால் கராச்சுக்கு ஒரு புதிய பருவ காலம் உண்டாயிற்று. "அண்ணை, நாளைக்குப் புகைக்குப் போகவேணும், ஒருக்காப் பார்த்து விடுங்கோ" என்று வருகிறவருக்கு நல்ல கராச்சுக்காரர் செய்யும் வைத்தியம் செலவு குறைந்தது. எயார் பில்டரைக் கழற்றித் தூசு தட்டிக் கழுவுவார். செம்மண் றோட்டுகளில் ஓடும் வண்டிக்குப் பாதி நோய் அங்கேதான் இருக்கும். மூச்சடைத்த யந்திரத்துக்குக் காற்றுப் போதாமல் பெற்றோல் முழுதும் எரியாது. கார்பன் மொனொக்சைட் ஏறும். பிறகு பிளக்கைச் சுரண்டி இடைவெளி பார்ப்பார். கறுத்துப்போன ஒயிலை மாற்றுவார். சைலன்சர் ஓட்டையை ஒட்டுவிப்பார், ஏனெனில் ஓட்டை வழியே வெளிக்காற்று கலந்தால் கருவி சொல்லும் கணக்குத் தவறாகும். கடைசியாகக் காபரேட்டரின் ஸ்குரூவில் கை வைப்பார். வண்டியை மெதுவாக ஓடவிட்டு, திருப்புளியைக் கால் சுற்று இப்படியும் கால் சுற்று அப்படியும் திருப்பி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு காதை மாத்திரம் யந்திரத்தின்மேல் வைத்து நிற்கும் அந்த நிமிஷத்தைக் கவனித்தவர்களுக்கு, மண்ணெண்ணெய்க் காலத்து வித்தை எங்கே போயிற்று என்ற கேள்வி எழாது. முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ நிலையத்துக்கு ஓடி வருகிறவர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு: பரிசோதனைக்கு வேண்டிய சூடு வழியிலேயே ஏறிவிடுகிறது.

இந்த ஸ்குரூவில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. காற்றைக் கூட்டிப் பெற்றோலைக் குறைத்துக் கட்டிவிட்டால் கருவி திருப்தியடையும். வண்டியோ இழுக்காது, சூடேறும். சான்றிதழ் கைக்கு வந்ததும் உரிமையாளர் அதே கராச்சுக்குத் திரும்பி வந்து ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொள்வார். ஆனால் றிங் தேய்ந்து ஒயில் எரிக்கும் வண்டிக்கு இந்த உபாயமும் பலிப்பதில்லை. "றிங் போட்டுதெண்டால் நான் என்ன செய்யிறது, தம்பி? ஸ்குரூவிலை ஒரு நாள் சமாளிக்கலாம், ஒரு வருஷம் சமாளிக்கேலாது" என்று சொல்லும் கராச்சுக்காரரே உண்மையில் மலிவான கராச்சுக்காரர். சிலிண்டரைப் போர் அடித்துப் புதிய பிஸ்டனும் றிங்கும் போடுவதற்கு ஒரு முறை செலவு செய்தால், ஒயிலிலும் பெற்றோலிலும் அது திரும்பி வரும். அதன்பின் சில ஆண்டுகள் புகைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கடதாசிப் பரீட்சை மறுபடியும் வந்தது. வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கிய மோட்டார் சைக்கிள் பங்கீட்டைப் பெறுவதற்குக் கைத்தொலைபேசியில் கியூ.ஆர். அட்டை வேண்டியிருந்தது, அதற்கு வண்டியின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஓட்டலாமே என்று தொண்ணூறுகளை நினைத்தவர்களுக்கும் இம்முறை வழியிருக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய மண்ணெண்ணெய், முல்லைத்தீவு மீனவரின் படகுகளையே கரையில் இருத்திவிட்டது.

புகையைக் கேட்கும் சட்டம் பிரேக்கைக் கேட்காதது எனக்குப் பெருங்குறையாகவே படுகின்றது. இரவில் மாடுகள் வந்து படுத்திருக்கும் ஏ9 வீதியிலும், அறுவடை மாதத்தில் பாதி அகலத்துக்கு நெல் காயவிடும் கிளை றோட்டுகளிலும், யானை குறுக்கிடும் காட்டு வழிகளிலும், ஓட்டுகிறவரின் உயிரைக் காப்பது கார்பன் விகிதமன்று. பின்சில்லின் பிரேக் சூவும் முன்விளக்கின் பல்புமே. யப்பானியச் சட்டம் சின்ன வண்டிக்கு விலக்களித்ததைப் பின்பற்றி நாமும் விலக்களித்திருக்கலாம். ஆனால் அங்குள்ள சின்ன வண்டிகள் முப்பது, நாற்பது வருஷம் நெல் மூடை சுமப்பதில்லை. புதிய சட்டம் ஒன்று வந்து தகுதிச் சோதனை என்ற பெயரில் ஏழைகளுக்கு மேலும் ஒரு வரிசையை உண்டாக்குவதையும் நான் விரும்பவில்லை. அதைவிட, புகைக்கு வண்டி வரும் அந்தச் சந்தர்ப்பத்தையே இதற்கும் உபயோகித்து, குழாயைச் சைலன்சருக்குள் செலுத்துகிறவர் பிரேக் மிதியையும் ஒரு முறை மிதித்துப் பார்த்து, குறையிருந்தால் தண்டிக்காமல் எழுதிக் கொடுப்பாரானால் போதும். இப்போதைக்கு அந்த வேலையைச் செய்பவர் சில கராச்சுக்காரரே: புகைக்கென்று வந்த வண்டியின் பின்சில்லைக் கையால் சுழற்றி, மிதியை அமுக்கி, "சூ முடிஞ்சுது தம்பி, இதையும் போட்டுக்கொண்டு போ" என்கிறார்கள். கேட்டுப் போடுகிறவர்களும் உண்டு. வரிப்பத்திரம் முடியும் தேதி நெருங்கிவிட்டது என்று, அதை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.